கிறீன் வைத்தியரும் எங்கள் கரையும்

எங்கள் ஊர்த் தாய்மார் பிள்ளைகளை வைவதற்கு எடுத்தாளும் சொற்களில் ‘கோதாரி’ என்பதும் ஒன்று. “கோதாரியிலே போவான்” என்று ஒரு தாய் தன் மகனைத் திட்டும்போது அந்தச் சொல்லின் பொருளை அவள் நினைப்பதில்லை. மகனும் நினைப்பதில்லை. வாந்திபேதி என்னும் கொள்ளைநோயின் பெயர் அது. ஒரே இரவில் வீட்டைக் காலியாக்கிய நோய், காலம் செல்லச் செல்ல வெறும் வசைச்சொல்லாகத் தேய்ந்து, அன்பு கலந்த கோபத்துக்கும் உதவுவதாயிற்று.

விடத்தல்தீவு என்னும் எங்கள் ஊர் மன்னார்ப் பெருநிலத்தின் கரையில், கண்டல் காடுகளுக்கும் உவர்நிலத்துக்கும் இடையே இருக்கிறது. பெயரிலே தீவு உண்டு. ஆனால் ஊர் தீவன்று. விடத்தல் என்பது முள் மரம். மண் வளத்தைப் பற்றி அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. கடலே எங்கள் வயல். அந்தக் கடல் வழியாக மீன் மட்டும் வரவில்லை என்பதை வரலாறு படிப்போர் அறிவர். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் பிடிக்கப்பட்டபோது, தமிழகத்துக் கிராமங்களிலிருந்து பஞ்சம் துரத்திய ஏழைகள் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கினர். இங்கிருந்து காட்டு வழியே மாத்தளை வரை நடந்தனர். குடிப்பதற்கு நல்ல நீர் இல்லை. நோயுற்றோரைத் தூக்கிச் செல்வார் இல்லை. வாந்திபேதியும் அம்மையும் பசியும் அவர்களை வழியெங்கும் விழுத்தின. விழுந்தவர்களின் எண்ணிக்கையைத் துரைமார் ஒழுங்காக எழுதிவைக்கவில்லை. தோட்டத்துக்கு வந்து சேர்ந்த தலைகளையே அவர்கள் எண்ணினர். முத்துக்குளிப்புக் காலங்களில் சிலாவத்துறைப் பக்கம் பல்லாயிரம் பேர் மணலில் குடியேறியபோதும் இதே கதைதான்: முத்து ஒரு வழியாகப் போயிற்று, நோய் பல வழிகளில் பரவிற்று.

இந்தக் கோதாரி 1866, 1867ஆம் ஆண்டுகளில் யாழ்ப்பாணக் குடாநாட்டைச் சூறையாடிற்று. அந்நாளில் மானிப்பாயிலிருந்து ஒரு வைத்தியர் தமது மாணவர்களோடு அதை எதிர்த்து நின்றார். சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பது அவர் பெயர். அவரைப் பற்றி எழுத நான் நெடுநாளாக எண்ணியிருந்தேன். எங்கள் கரைக்கும் அவருக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. அவர் அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்; நாங்கள் கத்தோலிக்கர். 1544இல் சங்கிலி மன்னனின் வாளுக்கு இரையான மன்னார் வேதசாட்சிகளை நினைவிற் கொண்டு வளர்ந்த மக்கள் நாங்கள். கிறீன் யாழ்ப்பாணம் வந்திறங்கிய 1847ஆம் ஆண்டிலேயே எங்கள் திருச்சபையின் அமலமரித் தியாகிகள் சபைக் குருமாரும் இலங்கைக்கு வந்தனர். ஒரே கிறிஸ்துவைப் போதிக்க வந்த இரு கூட்டத்தாரும் அடுத்த பல ஆண்டுகள் துண்டுப் பிரசுரங்களால் ஒருவரையொருவர் தாக்கிக்கொண்டனர் என்பது வேறு கதை. என் பாட்டன் காலத்திலேகூட மிஷன் ஆசுபத்திரிக்குப் போவது வேதம் மாறுவதற்கு அரைவழி என்று எங்கள் பக்கத்தில் பயப்பட்டவர்கள் உண்டு.

அவர் அமெரிக்காவில் மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் என்னும் சிறு நகரில் 1822இல் பிறந்தவர். பிள்ளைகள் நிறைந்த குடும்பம். அந்த வீட்டைச் சூழ்ந்த நிலத்துக்குக் கிறீன் ஹில் என்று பெயர். உடன்பிறந்தவர்களுள் ஒருவரான அன்ட்றூ ஹஸ்வெல் கிறீன் நியூயோர்க் நகரின் பெரும் பூங்காவை உருவாக்கியவர்களில் முதன்மையானவர். அந்நகரின் பகுதிகளை ஒன்றாக்கிய பெருமையும் அவரையே சாரும். ஒருவர் உலகின் செல்வ நகரத்தைக் கட்டினார். மற்றவர் மானிப்பாயில் புண்ணுக்கு மருந்து கட்டினார். நியூயோர்க்கில் மருத்துவம் கற்று 1845இல் பட்டம் பெற்ற சாமுவேல், இருபத்தைந்து வயதில் வட்டுக்கோட்டைக்கு வந்து, 1848இல் மானிப்பாயைத் தமது இருப்பிடமாக்கிக்கொண்டார். பத்தாண்டு உழைத்தபின் தாயகம் சென்றார். 1862இல் மார்கிறெற் வில்லியம்ஸ் என்ற பெண்மணியை மணந்து, அதே ஆண்டில் அவரையும் அழைத்துக்கொண்டு திரும்பினார். நான்கு பிள்ளைகளைப் பெற்றார். உடல் நலிந்து 1873இல் நிரந்தரமாக வூஸ்ரருக்கே போனார். அவருடைய வாழ்க்கை வரலாறாக 1891இல் வெளிவந்த நூலில் பெரும் பகுதி கடிதங்களே. கடலுக்கு அப்பாலிருந்த உடன்பிறந்தாருக்கு இவ்வளவு எழுதிய ஒருவர், நோயாளிகளுக்கும் மாணவர்களுக்கும் எப்படி நேரம் கண்டார் என்று வியக்கத் தோன்றும்.

வீடு, கோயில், நோயாளி என்ற மூன்றினுள் அடங்கிய வாழ்க்கை. இப்படிப்பட்டவர்கள் உலகின் சிறு நகரங்களில் ஆயிரக்கணக்கில் வாழ்ந்து மறைந்திருக்கிறார்கள். நல்ல கணவர், நல்ல தந்தை, ஞாயிறு தவறாத பக்தர் என்று கல்லறையில் எழுதப்படுவதோடு அவர்கள் கதை முடிகிறது. கிறீனின் கதை அவ்வாறு முடியாததற்குக் காரணம் ஒன்றே. அவர் தமது அறிவைத் தம்மிடம் வைத்துக்கொள்ளவில்லை. தம்முடைய மொழியிலும் வைத்துக்கொள்ளவில்லை.

தொடக்கத்தில் அவரும் ஆங்கிலத்திலேயே மருத்துவம் கற்பித்தார். ஆங்கிலத்தில் கற்றவர்கள் அரசாங்க வேலைக்கும் பட்டினத்துச் சம்பளத்துக்கும் போய்விட, கிராமம் பழையபடியே கிடந்தது. கற்றவன் ஊரை விட்டுப் போகும் இந்த வழக்கத்தை நாம் இன்றும் அறிவோம். அன்று அது புதிது. 1864ஆம் ஆண்டளவில் கிறீன் தமிழிலேயே வகுப்பு நடத்தலானார். மாணவர்கள் தமிழுடையைக் களைந்து காற்சட்டைக்கு மாறுவதையும் அவர் விரும்பவில்லை. ஐரோப்பியரைப் போலத் தோன்றும் தமிழரை உருவாக்குவது தமது வேலையன்று என்பதே அவர் எண்ணம். மானிப்பாயில் அவரிடம் பயின்றவர்கள் 60க்கு மேற்பட்டவர். அவர்களுள் ஏறத்தாழச் சரிபாதியினர் தமிழிலே பயின்றவர்கள்.

வகுப்பு வேண்டுமானால் நூல் வேண்டும். நூல் வேண்டுமானால் சொல் வேண்டும். இங்கேதான் அந்த மனிதரின் உழைப்பு நம்மை மலைக்க வைக்கிறது. ‘பிரசவ வைத்தியம்’ 1857இல் வந்தது. ‘இரண வைத்தியம்’ 1867இல். ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘வைத்தியாகரம்’ இரண்டும் 1872இல். தாயகம் போன பின்னும் பணி நிற்கவில்லை: ‘கெமிஸ்தம்’ 1875, ‘மனுஷ சுகரணம்’ 1883, ‘இந்து பதார்த்த சாரம்’ 1884. எல்லாம் சேர்ந்து நாலாயிரம் பக்கத்துக்கு மேல். அங்காதிபாதம் என்பது உடற்கூறு. சுகரணம் என்பது உடற்றொழில். முதலில் தமிழில் தேடு, அங்கே இல்லையேல் வடமொழியில் தேடு, அங்கும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லுக்கே தமிழ் உருக் கொடு என்பது அவர் முறை. ‘கெமிஸ்தம்’ அந்த மூன்றாம் வகை. இன்று வேதியியல் என்றும் இரசாயனவியல் என்றும் எழுதும் நமக்குக் கெமிஸ்தம் சிரிப்பூட்டலாம். ஆனால் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு ஒருவர் தமிழிலே இரசாயனம் கற்பித்தார். நம்மிடம் அழகான சொல் இருக்கிறது, ஆயினும் மருத்துவக் கல்லூரியில் ஆங்கிலத்திலேயே கற்பிக்கிறோம்.

இவ்விடத்தில் நான் கிறீனைத் தெய்வமாக்க வரவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். அவர் தம்மை வைத்தியச் சுவிசேஷகர் என்றே கருதினார். மருந்துக்காகக் காத்திருந்த நோயாளி சுவிசேஷத்தையும் கேட்க வேண்டியிருந்தது. பிணியால் துடிக்கும் ஒருவனிடம் மதம் பேசுவது நேர்மையான செயலா என்று கேட்போருக்கு நான் ஆம் என்று விடை சொல்ல மாட்டேன். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பாடசாலை தொடங்கி, அடுத்த ஆண்டில் அச்சியந்திரமும் கொண்டுவந்த ஆறுமுக நாவலர், மிஷனரிமாரை எதிர்த்ததற்கு நியாயம் இருந்தது. ஆயினும் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள்: எதிரெதிராக நின்ற அந்த இருவரும் ஒரே காலத்தில், ஒரே குடாநாட்டில், தமிழ் உரைநடையைப் புதிய வேலைகளுக்குப் பழக்கினர். ஒருவர் சமயத்துக்காக, மற்றவரும் சமயத்துக்காகவே. பயன் பெற்றது மொழி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமெரிக்க மிஷனின் கல்வி பெரும்பாலும் யாழ்ப்பாணத்து மேல்நிலைச் சாதியாரின் வாயிலிலேயே போய் நின்றது. வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்தோருள் மிகப் பெரும்பான்மையினர் வேளாளர் வீட்டுப் பிள்ளைகள். வலையும் வள்ளமும் உடைய வீடுகளுக்கு அந்த வெளிச்சம் வந்து சேரவில்லை. சாதியை வெறுத்துப் பேசிய மிஷன், சாதியின் படிக்கட்டிலேயே ஏறிச் சென்றது.

இத்தனை குறைகளையும் தெரிந்துகொண்டும் நான் இந்த வைத்தியரை மறக்க முடியாதிருப்பதற்குக் காரணம் என் தாயார்.

2008ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் எங்கள் ஊர் போரின் வாயில் விழுந்தது. வன்னிக்குள் ஓடி, பின்னர் முகாமில் அடைபட்டு, ஒருவாறு திரும்பி வந்து, தறப்பாளின் கீழ் இருந்து, பிறகு வீடு என்று ஒன்று கட்டி முடித்தபோது என் தாயாருக்கு எழுபது வயதாகிவிட்டது. நீரிழிவு நோய் முகாமிலேயே வந்திருந்தது. 2012இல் ஒரு பெரிய ஆசுபத்திரியின் சிகிச்சைக் கூடத்துக்குச் சென்று வந்தார். டாக்டர் இளைஞர், முகத்தில் களைப்பு, வெளியே நூறு பேர் நின்றனர். அவருக்குத் தமிழ் தெரியாது. என் தாயாருக்குத் தமிழ் தவிர வேறெதுவும் தெரியாது. இடையில் நின்ற ஊழியர் ஒருவர் ஐந்து நிமிடப் பேச்சை நான்கு சொல்லாக்கினார்: “சீனி கூட. குளிசை போடுங்கோ.” முடிவில் அச்சடித்த தாள் ஒன்று கையில் கொடுக்கப்பட்டது. ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் சிங்களம்.

தாயார் அந்தத் தாளை மடித்துச் செபப் புத்தகத்துள் வைத்தார். அந்தோனியார் படத்துக்கும் மடுமாதா படத்துக்கும் நடுவே அது இருந்தது. வாசிக்க முடியாததும் பெரியோர் கொடுத்ததுமான எதையும் எங்கள் மக்கள் அவ்விதம்தான் பத்திரப்படுத்துவர். நான் அப்போது வெளியூரில் தொழில் செய்துகொண்டிருந்தேன். பல மாதம் கழித்து வந்து அதை எடுத்து வாசித்தேன். வெறுங்காலுடன் நடக்கக் கூடாது. கால் மரத்துப்போயிருக்கக்கூடும், ஆதலால் புண்பட்டாலும் தெரியாது. ஒவ்வொரு நாளும் பாதங்களைப் பார்க்க வேண்டும். சிறு காயமானாலும் உடனே வர வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. அருமையான ஆலோசனை. ஐயம் இல்லாத மருத்துவம். அதற்குள் கரையில் ஏதோ சிப்பி ஓடு கிழித்த காயம் அழுகி, தாயாரின் இடது கால் முழங்காலுக்குக் கீழே அகற்றப்பட்டிருந்தது.

பிறந்த நாள் முதல் அவர் செருப்புப் போட்டு நடந்தவரல்லர். கருவாடு காயப்போடவும், வலையிலிருந்து மீன் தெரியவும், கடற்கரையில் செருப்பு எதற்கு? “காலிலே ஏதோ குத்தினது மாதிரிக்கூடத் தெரியேல்லை மகன்” என்று அவர் சொன்னார். தெரியாது என்பதைத்தான் அந்தத் தாள் சொல்லிற்று.

நீரிழிவால் கால் இழந்தோர் உலகெங்கும் உண்டு. தமிழில் எழுதிய தாள் கொடுத்திருந்தால் கால் தப்பியிருக்கும் என்று நான் சத்தியம் செய்ய முடியாது. நான் கேட்பது வேறு. 1956இல் சிங்களம் மட்டும் என்று சட்டம் வந்தது. முப்பது ஆண்டுகளும் எண்ணற்ற உயிர்களும் போன பின், 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. அதற்குக் கால் நூற்றாண்டு கழித்து, தமிழர் மிகுந்த ஒரு பிரதேசத்தில், ஒரு தமிழ்க் கிழவியின் கையில் அந்தத் தாள் ஏன் அவ்வாறு வந்தது? அந்த இளம் டாக்டரை நான் நோகேன். அவர் நூறு பேரைப் பார்க்க வேண்டியவர். அவரைப் படிப்பித்த கல்லூரியில், நோயாளியின் மொழி என்பது நோயின் ஒரு பகுதி என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்கமாட்டார்கள். தமிழரான டாக்டர்களும் இதில் சுத்தவாளிகள் அல்லர். நம்மவர் பலர் நோயாளியோடு தமிழிலே பேசிவிட்டுத் துண்டை மட்டும் ஆங்கிலத்தில் எழுதுவர். சிலர் பேசுவதுமில்லை.

1847இல் அமெரிக்காவிலிருந்து வந்த ஒருவருக்கு இது புரிந்திருந்தது. வைத்தியம் மருந்துப் போத்தலில் மட்டும் இல்லை, அதைக் குடிப்பவனின் அறிவிலும் இருக்கிறது என்பதனால் அன்றோ, அவர் முதன்முதலில் தமிழாக்கிய நூலிலேயே அங்காதிபாதம், சுகரணவாதம் என்பவற்றோடு உற்பாலனம் என்னும் உடல் பேணும் கலையையும் சேர்த்துக்கொண்டார். வாந்திபேதி எதனால் வருகிறதென்று உலகம் அப்போது உறுதியாக அறியாது. இலண்டனில் ஜோன் சினோ என்ற வைத்தியர் 1854இலேயே அது குடிநீரால் பரவுகிறதென்று காட்டியிருந்தும் பெரியோர் பலர் நம்பவில்லை. கிருமியைத் தனித்தெடுத்து றொபேட் கொக் நிறுவியது, கிறீன் இறந்த 1884ஆம் ஆண்டை ஒட்டியே. குறைந்த அறிவை வைத்துக்கொண்டு அவர் மக்களின் மொழியில் பேசினார். நிறைந்த அறிவை வைத்துக்கொண்டு நாம் அவர்களுக்கு விளங்காத மொழியில் பேசுகிறோம்.

படித்தவன் மட்டுமே வைத்தியன் என்று நான் எண்ணுவதாக வாசகர் கருத வேண்டாம். எங்கள் கரையில் திருக்கை முள் குத்தினால் பொறுக்கக்கூடிய அளவு சுடுநீரில் கையையோ காலையோ அமிழ்த்தி வைப்பது பழைய வழக்கம். அந்த நஞ்சின் புரதம் வெப்பத்தில் வலுவிழக்கும் என்று இன்றைய மருத்துவ நூல்களும் அதையே சொல்கின்றன. முறிவுக்கு எண்ணெய் கட்டும் இஸ்லாமியப் பெரியவர் ஒருவர் எங்கள் ஊரில் இருந்தார். மூங்கிற் பத்தை வைத்து அவர் கட்டிய கை எனக்கு இன்றும் நேராக இருக்கிறது. கட்டும்போது அவர் பிஸ்மில்லா சொல்வார். என் தாயார் அருகில் நின்று அருள் நிறைந்த மந்திரம் சொல்வார். இரண்டுக்கும் எலும்பு பொருந்திற்று. 1990 ஒக்டோபரில் வடபகுதி முஸ்லிம்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது அவரும் தம் குடும்பத்தோடு கடல் வழியாகப் புத்தளப் பக்கம் போனார். தமிழ் பேசியவரைத் தமிழின் பெயரால் துரத்திய அந்த நாட்களில் எங்களில் எவரும் தெருவுக்கு வந்து ஒரு சொல் சொல்லவில்லை. அவருக்குப் பின் எங்கள் ஊரில் அந்தக் கட்டுக் கட்டத் தெரிந்தவர் இல்லை.

கிறீனின் முயற்சியும் நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1870இல் கொழும்பில் மருத்துவக் கல்லூரி தோன்றிற்று, பாடமொழி ஆங்கிலம். உத்தியோகம் அங்கே, மதிப்பு அங்கே. மானிப்பாய்த் தமிழ் வகுப்பு அவர் போன சில ஆண்டுகளில் ஒடுங்கிற்று. நூல்கள் அலமாரிகளில் கறையான் தின்னக் கிடந்தன. கவிஞர் அம்பி 1967இல் ‘கிறீனின் அடிச்சுவடு’ எழுதி நினைவூட்டியபோதுதான் நம்மவர் பலர் அந்தப் பெயரையே அறிந்தனர். மானிப்பாயில் அவர் பெயர் தாங்கிய ஆசுபத்திரி இருக்கிறது. வூஸ்ரரில் கிறீன் குடும்பத்தார் தங்கள் நிலத்தை 1905இல் நகரத்துக்குக் கொடுத்துவிட, அது மக்கள் உலாவும் பூங்காவாயிற்று. தமக்கு ஒரு கல்லறைக் கல் வைப்பதானால், தமிழருக்கான வைத்தியச் சுவிசேஷகர் என்று அதில் எழுத வேண்டுமென அவர் கேட்டிருந்தார். பதினொரு ஆண்டுகள் தம் சொந்த ஊரில், தம் மனைவி மக்கள் நடுவில் இருந்தபின், தாம் யாருக்கு உரியவர் என்று அவர் இவ்வாறு சொன்னார்.

என் தாயார் 2017இல் இறந்தார். அந்தத் தாள் செபப் புத்தகத்தோடு என்னிடம் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட ஆசிரியை ஒருவரும், மருந்து கலவை செய்பவராக வேலை பார்க்கும் பெண் ஒருவரும், நானுமாக அதைத் தமிழாக்கினோம். முதலில் ‘பாதப் பராமரிப்பு’ என்று தலைப்பிட்டோம். வாடியில் மீன் தெரியும் பெண்களுக்கு வாசித்துக் காட்டியபோது, அது என்ன பராமரிப்பு என்று கேட்டார்கள். ‘சீனி வருத்தக்காரர் காலைக் கவனிக்கும் விதம்’ என்று மாற்றினோம். ‘கூரிய பொருட்கள்’ என்றிருந்த இடத்தில் சிப்பி ஓடு, மீன் முள், தூண்டில், விடத்தல் முள் என்று எழுதினோம். கால் மரத்துப்போதல் என்பதைப் பெரியவர் ஒருவர், “கால் தன்ரை நோவை மறந்துபோறது” என்றார். அதை அப்படியே எழுதிக்கொண்டோம். ஒரு பக்கத்தில் அடங்கிற்று. எழுத்தைப் பெரிதாக அடித்தோம்.

தாளில் ஆசுபத்திரியின் முத்திரை இல்லாவிட்டால் மக்கள் நம்பமாட்டார்கள் என்று மருந்து கலவை செய்யும் பெண் சொன்னார். ஆகவே முத்திரையும் அனுமதியும் கேட்டுக் கடிதம் எழுதி, பிரதியையும் இணைத்து அனுப்பினோம். பொறுப்பான பகுதிக்கு அனுப்பப்பட்டிருப்பதாகப் பதில் வந்தது. அந்தப் பதில் ஆங்கிலத்தில் இருந்தது. நாங்கள் இப்போது இரண்டாவது கடிதம் எழுதியிருக்கிறோம்.